அறியாது இட்ட ஒப்பம் இசைவாகுமா?

(காரமடையில் தமிழன்பர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்காப்பு என்று சொன்னவுடனேயே, அது புலவர்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய செய்தி. உழவர்க்கும் தறியோட்டும் தொழிலாளர்க்கும் அதில் என்ன வேலை என்று கேட்பார் பலர். அவ்வாறு கேட்பவர் ஒரே ஒரு நாள் ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவைக்கூட வாயிலில் நின்று பார்த்தல் வேண்டும். உள்ளே கிடப்பவர் தாய். வெளியே நிற்பவன் மகன். நான்கு பக்க ஆங்கிலத் தாள் ஒன்று நீட்டப்படுகிறது. "இங்கே, இங்கே, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்னும் குரல் கேட்கிறது. மகன் போடுகிறான். எழுத்தறியாத தந்தையாயின் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றுகிறார். அறுவையில் நேரக்கூடிய இடர் யாவை? அறுவையின்றி வேறு பண்டுவம் உண்டா? மயக்க மருந்தால் வரத்தகும் தீங்கு யாது? அனைத்தும் அத்தாளில் அச்சிடப்பட்டுள்ளன. படிக்கத்தான் ஒருவர்க்கும் இயலவில்லை.

இதற்கு இசைவு என்று பெயர்! அறியாது இட்ட ஒப்பம் இசைவாகுமா? நிலம் விற்கும் ஆவணத்தைக்கூட இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டபின் ஒப்பமிடும் கொங்குநாட்டு உழவர், தம் உடம்பையே ஒப்புவிக்கும் ஆவணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகின்றாரே, இஃது யாருடைய குற்றம்? மருத்துவரைப் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. இரவு பகல் பாராது உழைக்கும் மருத்துவர் பல்லாயிரவர் இந்நாட்டில் உளர். குற்றம், நோயாளியின் மொழியை மருத்துவத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்த அமைப்பினுடையது.

இசைவு என்பது யாது?

இன்று உலகெங்கும் பேசப்படும் துறை உயிர் அறவியல் என்பது. அதன் முதற்கல் நாட்டப்பட்ட வரலாறு கொடுமையானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இட்லரின் செருமனியில் மருத்துவர் சிலர், சிறைமுகாம்களில் அடைபட்ட மாந்தரை ஆய்வுக்கூட எலிகளைப்போல் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் நூரம்பர்க்கு நகரில் அவர்கள் உசாவப்பட்டனர். 1947-ஆம் ஆண்டு அத்தீர்ப்போடு வெளிவந்த நெறிமுறைகளில் தலையாயது, ஆய்வுக்கு உட்படும் மாந்தரின் தன்விருப்பமான இசைவு இன்றியமையாதது என்பதே. 1964-இல் எல்சிங்கியில் உலக மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிவிப்பு அதனை மேலும் விரித்தது.

இந்திய நாட்டின் சட்டமும் இதனை ஒப்புக்கொண்டுள்ளது. 2008-ஆம் ஆண்டு சனவரியில் உச்சநயன்மன்று ஒரு தீர்ப்பளித்தது. தில்லிப் பெண்மணி ஒருவர், வயிற்றுக்குள் கருவி செலுத்தி நோயைக் கண்டறியும் ஆய்வுக்கு மட்டும் ஒப்பமிட்டிருந்தார். அவர் மயக்கத்தில் கிடந்தபோதே அவர்தம் தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கிவிட்டனர். தன்னறிவுடைய, அகவை நிரம்பிய ஒருவர்க்கு மாற்றாகத் தாயாரும் இசைவளித்தல் இயலாது. ஆய்வுக்குத் தந்த இசைவு அறுவைக்குச் செல்லாது. நோய் இன்னது, பண்டுவம் இன்னது, இடர் இன்னது, மாற்றுவழி இன்னது என அறிந்து தருவதே இசைவு என அம்மன்று முடிவுசெய்தது.

இசைவுக்கு அறிவு அடிப்படை. அறிவுக்கு மொழி அடிப்படை. ஆதலின் மொழி இல்லாத இடத்தில் இசைவும் இல்லை. புது மருந்தை மாந்தர்மேல் ஆய்ந்து பார்ப்பதற்கான விதிகள், ஆய்வுக்கு உட்படுவோர்க்கு விளங்கும் மொழியில் இசைவுத்தாள் இருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டியும் அதனையே வற்புறுத்துகிறது. ஆய்வுக்கு உட்படுவோர்க்கு ஒரு நயன், நோய் தீர வந்தோர்க்கு வேறு நயனா?

இன்னொன்றும் கேளுங்கள். மீளமுடியாத நோயில் விழுந்தால் மூச்சுக்கருவியில் தம்மை வைத்திருத்தல் வேண்டாவென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018-ஆம் ஆண்டு மார்ச்சில் உச்சநயன்மன்று கூறியது. அந்நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 சனவரியில் அதனை எளிமையாக்கி, இரு சான்றாளர் முன்னிலையில் ஒப்பமிட்டுச் சான்றுறுதி அலுவலரிடமோ, அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ உறுதிபெற்றாற் போதும் என்றது. சாவையும் அமைதியாக ஏற்கும் உரிமை இது. இவ்வுரிமையைத் தமிழ்நாட்டுச் சிற்றூரில் எத்துணைப் பேர் அறிவர்? மொழி எட்டாத இடத்தில் உரிமையும் எட்டுவதில்லை.

கொங்குநாட்டில் நடந்தவை

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என எண்ணற்க. காவிரியின் ஒரு கரையில் ஈரோடு. மறுகரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். 2025-ஆம் ஆண்டு சூலையில், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளரிடமிருந்து தரகர் வழியாகச் சிறுநீரகங்கள் விலைக்கு வாங்கப்பட்ட செய்தி வெளிப்பட்டது. கடன் கழுத்தை நெரித்தது. தரகர் வீட்டு வாயிலுக்கு வந்தார். அரசு உசாவியது, தனியார் மருத்துவமனைகள் இரண்டின் உறுப்புமாற்று இசைவு நிறுத்தப்பட்டது. ஆகத்தில் சென்னை உயர்நயன்மன்றின் மதுரைக் கிளை தனி உசாவற்குழு அமைக்க ஆணையிட்டது. சென்னை வில்லிவாக்கம் பகுதியில் ஒருகாலத்தில் சிறுநீரகம் விற்றவர் மிகுந்து, அவ்வூருக்கே இழிபெயர் வந்த வரலாறும் மறக்கத்தக்கதன்று.

உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-ஆம் ஆண்டே வந்துவிட்டது. நெருங்கிய உறவினர் அல்லாதார் உறுப்புக் கொடுக்க முன்வந்தால், அது பணத்துக்காகவன்று, அன்பினால் மட்டுமே என இசைவளிப்புக் குழு ஒன்று ஆய்ந்து அறிதல் வேண்டும். சட்டத்தில் குறையில்லை. குறை எங்கே? அக்குழுவின் முன் நிற்கும் தறித்தொழிலாளிக்கு, ஒரு சிறுநீரகம் போனபின் தம் உழைப்பும் உடல்நலமும் என்னாகும், எத்துணை ஆண்டு மருத்துவ ஆய்வு தேவைப்படும், எந்தத் தாளில் தாம் ஒப்பமிட்டுள்ளார் என்பவற்றைத் தமிழில், தனியே, தரகர் நிழல் விழாத இடத்தில் எடுத்துரைத்தவர் யார்? ஆங்கிலத் தாள்கள் ஒரு கோப்பாக அடுக்கப்படும்போது, அக்கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் தரகர். தெரியாதவர் உடம்புக்கு உரியவர். அறியாமை ஏழைமையோடு கூடும் இடத்தில்தான் உறுப்புச் சந்தை கூடுகிறது.

2022-ஆம் ஆண்டு ஈரோட்டில் வெளிப்பட்ட செய்தி இதனினும் நெஞ்சைச் சுடுவது. பதினாறு அகவைச் சிறுமி ஒருத்தியின் அகவையைப் பொய்யாவணத்தில் கூட்டிக்காட்டி, அவளுடைய கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டன. 2021-இல் இயற்றப்பட்ட சட்டப்படி கருமுட்டை கொடுப்பவர் 23 முதல் 35 அகவைக்குள் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே கொடுக்கலாம். ஏழு முட்டைக்குமேல் எடுத்தல் கூடாது. ஊசி குத்திய ஒவ்வொரு முறையும் அச்சிறுமியிடம் அவளுடைய மொழியில், "உனக்கு என்ன நடக்கிறது, தெரியுமா?" என்று ஒருவரேனும் பொறுமையாகக் கேட்டிருப்பின், அப்பொய் முதல்முறையிலேயே உடைந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அது தமிழர் தலைநிமிரத் தக்கது. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவ இணையர், நேர்ச்சியில் மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளைப் பிறர் வாழக் கொடுத்தனர். நாடே அதனைப் பேசியது. உறுப்புக்கொடை இயக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. 2023 செப்டம்பரில், உறுப்புக்கொடை அளித்தோர்க்கு அரசு மதிப்புடன் இறுதிச் செயல் நடைபெறும் எனத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. கொடைக்கும் விற்பனைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு எது? அறிந்து, விரும்பி, அச்சமின்றித் தருவது கொடை. அந்த அறிவைத் தருவது மொழி.

உறுதிமொழி எவர் மொழியில்?

2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 30-ஆம் நாள் மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்கு வெள்ளை மேலங்கி அணிவிக்கும் விழா நடந்தது. வழக்கமாக எடுக்கப்படும் இப்போக்கிரட்டிசு உறுதிமொழிக்கு மாறாகச் சரகர் பெயரிலான உறுதிமொழி அங்கே எடுக்கப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அதனைப் பரிந்துரைத்திருந்தது. தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. கல்லூரி முதல்வர் பொறுப்பினின்று விலக்கப்பட்டுச் சில நாளில் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

எதிர்ப்பு நேரியதே. சரகர் நூலின் மரபில், பெண்ணொருவர்க்குக் கணவரோ காப்பாளரோ உடனில்லாமல் பண்டுவம் செய்தல் கூடாதென்னும் கருத்து உண்டு. பெண்ணின் உடம்புக்குப் பெண்ணே உரியவள் என உச்சநயன்மன்று கூறி ஆண்டு பதினான்கு ஆனபின், அம்மரபை இளைஞர் நெஞ்சில் ஏற்றுவது எவ்வாறு பொருந்தும்? ஆயினும் தமிழர் இன்னும் ஒருபடி மேலே சென்று கேட்டிருத்தல் வேண்டும். கிரேக்கரின் உறுதிமொழியா, சமற்கிருதத்தின் உறுதிமொழியா என்று இருதரப்பும் வழக்காடின. இரண்டுமே தமிழர்க்கு வேற்றுமொழியில் பிறந்தவை அல்லவா? மதுரையில் கற்று மதுரை மக்களுக்குப் பண்டுவம் பார்க்கப்போகும் மாணவர், மதுரை மக்களுக்கு விளங்கும் மொழியில் உறுதிகூறுதல் வேண்டுமென எவரேனும் ஏன் கேட்கவில்லை? உறுதிமொழி என்பது கடவுளுக்கோ கல்லூரிக்கோ சொல்வதன்று, நோயாளிக்குச் சொல்வது. கேட்பவர்க்கு விளங்காத உறுதி, காற்றில் எழுதிய எழுத்து.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் உண்டு, 95-ஆவது அதிகாரம். அதன் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என வகுக்கின்றது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவார். இவ்வரிசையை உற்று நோக்குக. முதலிடம் நோயாளிக்கு! மருத்துவர் இரண்டாமவரே. இன்று உயிர் அறவியலார் 'நோயாளியை நடுவாகக் கொண்ட மருத்துவம்' எனப் புதியது கண்டார்போற் பேசுவதை வள்ளுவப் பெருந்தகை ஈரடியில் அடக்கிவைத்தார். தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்க்கு உறுதிமொழி வகுக்க இதனினும் சிறந்த அடிப்படை வேறு எங்கே தேடுவது?

மானிப்பாய் காட்டிய வழி

'தமிழில் மருத்துவமா? அஃது இயலுமா?' என்று வினவுவோர்க்கு விடை இன்று நேற்றுச் சொல்லப்பட்டதன்று. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டப்பட்டது. செய்து காட்டியவர் தமிழரல்லர், அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிசுக்கு கிறீன். 1822-இல் பிறந்து, மருத்துவம் கற்று, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார்.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். விளைவு என்ன? ஆங்கிலத்தில் கற்றவர் அரசு வேலையை நாடி வெளியூர் போயினர். சிற்றூர் மக்கள் நோயோடு பழையபடியே கிடந்தனர். இதனைக் கண்ட கிறீன் 1864-ஆம் ஆண்டளவில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்குத் தொண்டு செய்வர் என்பது அவர் கண்ட உண்மை. அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழ்வழியில் கற்றவர். உடற்கூற்றியல், உடலியங்கியல், அறுவை, மகப்பேறு, வேதியியல், மருந்தியல் என அவரும் அவர்தம் மாணவரும் தமிழாக்கிய பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' முதலிய பெயர்களில் அந்நூல்கள் வெளிவந்தன. 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னும் 1884-இல் மறையும்வரை அப்பணியை அவர் விட்டாரல்லர். தமிழர்க்கு மருத்துவத் தொண்டர் என்னும் பொருள்படும் தொடரே தம் கல்லறையில் பொறிக்கப்பெறுதல் வேண்டுமென விரும்பினார்.

அவர்தம் நூல்களில் வடசொல் மலிந்துள்ளது உண்மையே. கலைச்சொல்லை முதற்கண் தமிழிலும், இன்றேல் வடமொழியிலும், அதுவும் இன்றேல் ஆங்கிலத்தை எழுத்துப்பெயர்த்தும் கொள்வது அவர் வகுத்த முறை. தமிழின் வேர்ச்சொல் வளம் அந்நாளில் ஆராயப்படவில்லை. அக்குறையைக் களைதல் பின்வந்த தமிழர் கடமை. ஒரு வேற்றுநாட்டார் நூற்றுக்கு எண்பது செய்து வைத்தார்; எஞ்சிய இருபதைச் செய்யத் தமிழர் ஒன்றரை நூற்றாண்டாக நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்!

பிறர் நாள் பார்த்திலர். 1774-ஆம் ஆண்டிலேயே சப்பானில் சுகிதா கெம்பாக்கு என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் ஒல்லாந்து மொழி உடற்கூற்று நூலொன்றைத் தம் வழக்குக்குக் கொண்டுவந்தனர். நரம்பைக் குறிக்கச் சொல்லில்லாதபோது புதிதாகச் சொல் படைத்தனர். அச்சொல் இன்றும் அங்கே வழங்குகிறது. ஐதராபாத்தில் உசுமானியாப் பல்கலைக்கழகம் உருதுவில் மருத்துவம் கற்பித்தது. மத்தியப்பிரதேசம் 2022 அக்டோபரில் முதலாண்டு மருத்துவ நூல்களை இந்தியில் வெளியிட்டது. சேலத்தில் 1916-இலேயே தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கெனக் கழகம் தோன்றியது. மணவை முசுதபா மருத்துவக் கலைச்சொல் அகராதி தொகுத்தளித்தார். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கியுள்ளது. நூலுண்டு, சொல்லுண்டு, வகுப்புத்தான் இல்லை.

தேர்வுக் கோலும் தேர்ந்தெடுக்கப்படுவோரும்

இனி, மருத்துவராக எவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றார் என்பதைப் பார்ப்போம். இது வெறும் வேலைவாய்ப்புச் செய்தியன்று, அறச்செய்தி. அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் நோயாளியின் அருகே நின்று இசைவு கேட்பவர் பெரிய பேராசிரியர் அல்லர். அங்கேயே தங்கிப் பயிலும் முதுநிலை மாணவரும் பயிற்சி மருத்துவருமே. ஆதலின் முதுநிலை இடத்துக்கு எவர் வருகின்றார் என்பதே, நோயாளியிடம் எவர் பேசுகின்றார் என்பதை முடிவுசெய்கிறது.

இளநிலையில், நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2006-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கியிருந்தது. 2017 முதல் நீட் தேர்வு அதன்மேல் ஏற்றப்பட்டது. ஓய்வுபெற்ற நடுவர் ஏ.கே.இராசன் குழு 2021-இல் அளித்த அறிக்கை, தமிழ்வழி பயின்று மருத்துவம் சேர்ந்தோரின் பங்கு நீட்டுக்கு முந்தைய ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்தாக இருந்து, பின்னர் நான்குக்கும் கீழே வீழ்ந்ததைக் காட்டியது. தமிழில் எழுதலாமே என்பர். 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என வழக்கு எழுந்தது. சிறுத்தை என வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என அச்சிட்டனர். விலங்கு மரத்துப் பழமாயிற்று! வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்சநயன்மன்று அதனை நீக்கிவிட்டது. 2020-இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அது வீழ்ந்தவரைத் தாங்கிய கையே அன்றி, வீழ்த்திய கல்லை அகற்றவில்லை. நீட்டிலிருந்து விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவு ஏற்கப்படவில்லை என்பது 2025 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது.

முதுநிலையில் நிலைமை இன்னும் வெளிப்படை. அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. இருநூறு வினா, கட்டத்தைக் குறிக்கும் விடை. நோயாளியிடம் பேசத் தெரியுமா, துயருற்ற தாயிடம் சாவுச் செய்தியை எவ்வாறு சொல்வது என்பவற்றை அத்தேர்வு அளப்பதில்லை. தகுதி, தகுதி எனக் கூவினரே, 2023 செப்டம்பரில் இடங்கள் நிரம்பாதபோது தகுதி எல்லையைச் சுழியத்துக்குத் தாழ்த்தினர்! சுழியத்துக்குக் கீழ் மதிப்பெண் பெற்றவரும் தகுதியுடையார் ஆயினர். பணம் கட்ட வல்லார்க்கு எல்லை தாழ்ந்தது. சிற்றூர்ப் பிள்ளைக்கு உயர்ந்தே நின்றது. அமெரிக்காவிலோ 2022 முதல் மருத்துவ உரிமத்தின் முதற்படித் தேர்வில் மதிப்பெண்ணே அறிவிப்பதில்லை. தேறினார், தேறவில்லை என்ற அளவோடு நிறுத்திவிட்டனர். பயிற்சியிடம் தேடுவோரை நேரிற்கண்டு பேசியும், பயிற்றியோர் கருத்துக் கேட்டும் தேர்ந்தெடுக்கின்றனர்.

தமிழ்நாட்டுக்கு உரிய ஒரு நன்முறை உண்டு. சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும் பணிபுரியும் அரசு மருத்துவர்க்கு மாநில முதுநிலை இடங்களில் பாதியை ஒதுக்கும் முறை அது. காரமடைக்கு மேற்கே மலையடியில் இருளர் வாழும் சிற்றூர்களைப் போன்ற இடங்களுக்கு மருத்துவர் விரும்பிச் செல்வதற்கு அம்முறை பெருந்துணை. 2017-இல் அது குலைந்தது. 2020 ஆகத்து 31-இல் உச்சநயன்மன்றின் ஐவர் ஆயம், பணியிலுள்ள மருத்துவர்க்குத் தனி நுழைவுவழி வகுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. வாதாடிப் பெற்ற வெற்றி அது.

ஆனால், 2025 சனவரி 29-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, முதுநிலை மருத்துவத்தில் மாநில வாழ்நர் என்ற அடிப்படையில் ஒதுக்கீடு செல்லாது என்றது. எந்நாட்டார் வந்து கற்பினும் தமிழர்க்கு அவர்மேற் பகையில்லை. வருபவர், நோயாளியின் மொழியை அறிந்து வருதல் வேண்டும் என்பதே கேள்வி. செருமனியில் வேற்றுநாட்டு மருத்துவர் பணிசெய்ய விரும்பின், மருத்துவச் செருமானிய மொழித்தேர்வில் தேறுதல் வேண்டும். அங்கே அதனை எவரும் மொழிவெறி என்பதில்லை. நோயாளி காப்பு என்கின்றனர்.

கொங்குநாட்டு மூதாட்டி, "மேலுக்கு முடியலைங்க, குறுக்குப் புடிச்சுக்கிச்சு, கிறுகிறுன்னு வருது" என்பார். மேல் என்பது உடம்பு. குறுக்கு என்பது இடுப்பின் பின்புறம். கிறுகிறுப்பு என்பது தலைசுற்றல். மூன்று சொல்லில் மூன்று நோய்க்குறி கூறிவிட்டார். இம்மூன்று சொல்லும் தெரியாத மருத்துவர் முப்பது ஆய்வு எழுதித் தருவார். அந்த முப்பது ஆய்வுக்கும் பணம் கட்டுபவர் அம்மூதாட்டியின் மகன்.

தடை எழுப்புவோர்க்கு விடை

'தமிழில் கற்றால் வெளிநாடு செல்ல முடியாது' என்பது முதல் தடை. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. சப்பானிய மருத்துவரும் செருமானிய மருத்துவரும் தாய்மொழியில் மருத்துவம் கற்று, ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதுகின்றனர். மேலும், மக்கள் வரிப்பணத்தில் மருத்துவக் கல்லூரி நடத்துவது வெளிநாட்டுக்கு ஆள் விடுப்பதற்காகவா?

'கலைச்சொல் நூற்றுக்கணக்கில் இலத்தீன், கிரேக்கமாயிற்றே' என்பது இரண்டாம் தடை. ஆங்கிலேயரும் அவற்றைக் கடன்வாங்கியவரே. சொல் இல்லாததால் வகுப்பு இல்லையெனின், வகுப்பு இல்லாததால்தான் சொல் பழக்கத்துக்கு வரவில்லை. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவருமிலர்.

'பேராசிரியர் இலர்' என்பது மூன்றாம் தடை, இதில் உண்மையுண்டு. ஆதலின் ஒரே நாளில் எல்லாக் கல்லூரியையும் மாற்றுக எனக் கேட்பது அறிவுடைமையன்று. படிப்படியாகச் செல்க. ஆனால், முதற்படியில் இன்றே கால் வைக்க.

செய்ய வேண்டுவன

முதலாவது: தமிழ்நாட்டில் அரசு, தனியார் மருத்துவமனை அனைத்திலும் இசைவுத்தாள் எளிய தமிழில் இருத்தல் வேண்டும், படித்துக் காட்டி, நோயாளி தம் சொல்லில் அதனைத் திருப்பிச் சொன்னபின்னரே ஒப்பம் பெறுதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஓர் அரசாணை போதும்.

இரண்டாவது: உறுப்புக்கொடை, கருமுட்டைக்கொடை ஆகியவற்றில், கொடுப்பவரிடம் தனியே தமிழில் உரையாடி, அவ்வுரையாடலை ஒலிஒளிப் பதிவாகக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது: மருத்துவ மாணவர் உறுதிமொழி தமிழில், குறள் நெறியில் வகுக்கப்படுதல் வேண்டும்.

நான்காவது: 2019 முதல் இளநிலைப் பாடத்திட்டத்தில் அறமும் உரையாடலும் ஒரு பகுதியாக உள்ளன, வட்டார மொழிப் பயிற்சிக்கும் இடமுண்டு. அதனைப் பெயரளவில் நிறுத்தாது, நோயாளியோடு தமிழில் உரையாடும் செய்முறைத் தேர்வாக்குதல் வேண்டும். முதுநிலைக்கு வரும் பிறமொழியாளர்க்கும் இத்தேர்வு பொருந்துதல் வேண்டும்.

ஐந்தாவது: ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், விரும்புவார்க்கு ஒரு தமிழ்வழிப் பிரிவு தொடங்குதல் வேண்டும். 1966-இல் தோன்றிய கோவை மருத்துவக் கல்லூரி அதற்கு முன்வருமாயின், மானிப்பாயில் ஏற்றிய விளக்கு கொங்குநாட்டில் மீண்டும் எரியும்.

பெருமக்களே! இவற்றை அரசு செய்யும்வரை கைகட்டி நிற்றல் வேண்டா. அடுத்த முறை எம்மருத்துவமனையிலேனும் ஆங்கிலத் தாள் நீட்டப்படின், சினம் கொள்ளாமல், குரல் உயர்த்தாமல், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லுங்கள், விளங்கியபின் ஒப்பமிடுகின்றோம்." அவ்வாறு கேட்பது உரிமை, உச்சநயன்மன்று உறுதிசெய்த உரிமை. ஒருவர் கேட்டால் விந்தையாகப் பார்ப்பர். நூற்றுவர் கேட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவர். ஊரே கேட்டால் தாள் தமிழில் அச்சாகும்.

தமிழ் வாழ்ந்தால் தமிழர் பெயர் வாழும் என்பர். மருத்துவமனை வாயிலிலோ, தமிழ் வாழ்ந்தால் தமிழர் உயிரே வாழும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்ப் பண்டுவம்!